எண்ணெய் முள்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஓடிய பரந்தாமன் பஸ்ஸுக்கு இரண்டு விஷயத்தில் பேர் இருந்தது. ஒன்று, அது எப்போது கிளம்பும் என்பது அதற்கே தெரியாது. இன்னொன்று, அதை ஓட்டிய தசரதனின் காது.

முதல் விஷயத்தில் வண்டி மேல் குற்றம் சொல்ல முடியாது. யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு போட்டபின் பஸ்ஸெல்லாம் கரிக்கு மாறிவிட்டது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, கைப்பிடி போட்ட காற்று விசிறியைத் தோள் கழலச் சுற்றி, புகை கேஸாகிக் குழாய் வழியே என்ஜினுக்கு வந்து சேர்வதற்குள் ஒருவன் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். மழைக்காலத்தில் கரி நமுத்துப்போனால் சாப்பிட்டபின் ஒரு தூக்கமும் போடலாம். ஆவடியில் பட்டாளத்து டிப்போ வந்த பிறகு அங்கே கூலிக்குப் போகிறவர்கள்தான் காலை வண்டியில் நிறைய. அவர்கள் கரியையும் திட்டுவார்கள், ஜெர்மன்காரனையும் திட்டுவார்கள், கடைசியில் முதலாளி பரந்தாமனையும் திட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

காது விஷயம் வேறு. ஓடுகிற என்ஜின் முன்னால் நின்று தசரதன் தலையை லேசாகச் சாய்ப்பான். "மூணாவது பேரிங்கு தட்டுது" என்பான். பிட்டர் துலுக்கானம் வண்டிக்கு அடியில் படுத்துப் பிரித்துப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். கரி வண்டியில் தூசு போய் எண்ணெயைக் கெடுக்கும்; எண்ணெய் கெட்டால் அது மேலே ஏறாது; ஏறாவிட்டால் பேரிங்கின் ஈயம் மெழுகாக உருகி ஓடிவிடும். அதற்குமுன் என்ஜின் மெதுவாக டொக்கு டொக்கென்று கதவு தட்டும். மற்ற டிரைவர்களுக்குக் கதவு உடைந்த பிறகுதான் காதில் விழும். தசரதனுக்கு விரல் மடக்கும்போதே விழுந்துவிடும்.

அந்தக் காதுதான் போன வருஷம் போய்விட்டது.

முறைக்காய்ச்சல். ஏரிக்கரைக் கொசுவுக்கு அவன் ஊரான பாரிவாக்கத்தில் தப்பியவர்கள் குறைவு. கொய்னா மருந்து கொடுத்தார்கள். சீக்கிரம் வண்டிக்குத் திரும்ப வேண்டுமென்று சொன்ன அளவைவிட அதிகமாக அவனே ஊற்றிக் குடித்தான். காய்ச்சல் போனது. போகும்போது சும்மா போகவில்லை. முதலில் காதுக்குள் வண்டு ரீங்காரமிட்டது. கொஞ்ச நாளில் வண்டு மட்டும்தான் மிச்சம். உலகம் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஸ்டீரிங்கின் நடுக்கத்தையும் மிதியின் அதிர்வையும் வைத்து ஓட்டப் பழகினான். யார் என்ன கேட்டாலும் பாதிக்குத் தலையாட்டுவான், பாதிக்குச் சிரிப்பான். கண்டக்டர் தங்கவேல் முன்பெல்லாம் விசில்தான் ஊதுவான். கொஞ்ச காலமாக வண்டியின் தகரச் சுவரில் ஓங்கி அறைகிறான், இல்லாவிட்டால் தரையில் காலால் இடிக்கிறான். 'திமிரு புடிச்சவன், பஸ்ஸ ஒடைச்சிடுவான்' என்று தசரதன் நினைத்துக்கொள்வான். ஆனால் அந்த இடி உள்ளங்காலில் சுள்ளென்று ஏறும். நிறுத்துவான், எடுப்பான், காலம் ஓடியது.

வீட்டில்தான் கஷ்டம். ஒரே பெண்ணை மேனாம்பேட்டில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இருப்பது அவனும் மனைவி சாமுண்டியும். சாமுண்டீஸ்வரி பேசாமல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. ஏரியில் தண்ணீர் வந்தது, கீரைக்காரி பங்காளி வீட்டில் சண்டை, மாடு கன்று போட்டது என்று வாய் ஓயாது. அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான், சாப்பிட்டதும் முதுகைக் காட்டிப் படுத்துவிடுவான். ஆரம்பத்தில் தோளைப் பிடித்துத் திருப்பிச் சண்டை போட்டாள். பிறகு விட்டுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாளா, நிறுத்திவிட்டாளா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பப் பயம். இரண்டு பேர் இருந்த வீட்டில் இவ்வளவு தனியாக ஒரு மனிதன் இருந்திருக்க மாட்டான்.

ஆடி மாதம் திருவேற்காட்டுக்குக் கூட்டம் ஏற்றிக்கொண்டு போனபோது வந்தது வினை. என்ஜின் கதவு தட்டியது, அவனுக்குக் கேட்கவில்லை. புகை வந்த பிறகுதான் நிறுத்தினான். ஈயம் முழுக்க உருகி அடியில் ஓடியிருந்தது. பரந்தாமன் வெற்றிலை வாயோடு வந்து நின்று என்னவோ சொன்னார். வெற்றிலை போட்டவர் வாயைப் படிக்கவே முடியாது. கடைசியில் விரலை ஆட்டியது மட்டும் புரிந்தது. இன்னொரு முறை உருகினால் நீ கீழே இறங்கிக்கொள் என்று அர்த்தம்.

துலுக்கானம் பழைய ஈயத்தைச் சுரண்டிப் புதிசு ஊற்றிக்கொண்டிருந்தபோது தசரதன் பக்கத்தில் போய்க் குந்தினான். துலுக்கானம் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். ரகசியத்தையும் ஊர் கூட்டித்தான் சொல்வான். அவன் பேச்சு மட்டும் சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுகிற மாதிரி தசரதனுக்கு எட்டும்.

"துலுக்கானம், வண்டிக்கு ஒரு ஆயில் மீட்டர் போட்டா இன்னா?"

"எத்துக்கு? பத்து வருசமா மீட்டரு ஓட்டைல மரக்கட்டைய அடிச்சி வெச்சிக்கினு ஓட்றோம். நீதான் மீட்டரு."

"எனுக்கு வயசாவுது. கரிப்புகைல இன்னா ஏதுன்னு புரியல. கண்ணால பாத்தா ஒரு தெம்பு."

துலுக்கானம் சுரண்டுவதை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தான்.

"செரி. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். பேரிங்கு உருகுன சூட்லயே கேட்டாதான் சரிம்பாரு. நாளைக்கி ஆவடி காயலாங்கடைக்குப் போவலாம்."

டிப்போவில் கழித்துப்போட்ட பட்டாளத்து வண்டிச் சாமான்கள் அந்தக் காயலாங்கடையில் மலையாகக் கிடந்தன. மழைத் தூறலில் எல்லாம் நனைந்து துருவாடை வீசியது. துலுக்கானம் தோண்டித் தோண்டி மூன்று மீட்டரை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தான். கையோடு கொண்டுபோயிருந்த கால்பம்ப்பின் குழாயை ஒவ்வொன்றிலும் மாட்டி மிதிக்கச் சொன்னான்.

ஒன்று, முள் எழுந்தது. மிதிப்பதை நிறுத்தினால் இறங்கமாட்டேன் என்றது.

"இது பொய் சொல்ற மீட்டரு. எண்ண போன அப்பாலயும் நல்லாக்கீறேன்னு சொல்லும். வீசிக் கடாசு."

இரண்டாவது, பெரிய லாரியிலிருந்து கழற்றியது. பளபளவென்று பித்தளை வளையம், கீறல் விழாத கண்ணாடி, நூறு வரைக்கும் எண். துலுக்கானத்துக்கு அதன்மேல் ஆசை.

"இத்தப் பாரு, மாப்ள கணக்கா கீது. இத்தயே போட்ரலாம்."

தசரதன் மிதித்தான். நம் பஸ்ஸின் கிழட்டு என்ஜினில் எவ்வளவு எண்ணெய் அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான் மிதித்தான். அந்தப் பெரிய முகத்தில் முள் மூலையில் கொஞ்சம் அசைந்து படுத்துக்கொண்டது.

"வாணாம். லாரிக்கு செஞ்சது. நம்ம வண்டிக்கு அது எழுந்து உக்காந்தா இன்னா, படுத்தா இன்னா, வித்தியாசமே தெரியாது."

மூன்றாவது சின்னது. முப்பது வரைக்கும்தான் எண். அதே மிதிக்கு முள் நிமிர்ந்து நட்டநடுவில் நின்றது; காலை எடுத்ததும் பதறாமல் இறங்கியது. ஒரே குறை, கண்ணாடி இல்லை. முள் அம்மணமாக நின்றது.

"இத்தான்" என்றான் தசரதன்.

"கண்ணாடி இல்லியேப்பா. தூசி அடையும்."

"பட்ணம் போறப்போ ஒரு துண்டு வெட்டியாந்து ஒட்டிக்கலாம். ரோட்டப் பாத்துகினே ஓரக்கண்ல பாத்தா தெரியணும், துலுக்கானம். நிக்கிதா, படுத்துகினு கீதா, அவ்ளோதான் எனுக்கு வேணும்."

பட்டணம் போக நேரம் வரவில்லை. கண்ணாடி கடைசிவரை ஒட்டப்படவுமில்லை.

மீட்டரை மாட்ட அரைப் பகல் ஆனது. என்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய் ஓடும் வழியில் ஒரு திருகாணி அடைப்பு உண்டு. அதைக் கழற்றி அங்கே மெல்லிய செம்புக் குழாயைப் பூட்டினான் துலுக்கானம். குழாயை நேராக இழுத்துப் போகவில்லை. நடுவே விரலில் சுற்றிச் சுருள் சுருளாக விட்டான்.

"நேரா இஸ்துகினு போனா வண்டி குலுங்குறதுல பட்டுனு முறிஞ்சிடும். சுருள் வுட்டா அது பாட்டுக்கு ஆடிக்கினு கெடக்கும். மனுசனும் அப்டித்தான். வெறப்பா இருந்தா முறிஞ்சிடுவான்."

மரக்கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீட்டரை அந்த ஓட்டையில் உட்கார்த்தினான். மீட்டருக்குப் பின்னாலுள்ள மறையை மட்டும் இறுக்காமல் வைத்து, வண்டியை எடுக்கச் சொன்னான். குழாயிலிருந்த காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியேறி, பிறகு எண்ணெய் சொட்டியது.

"போதும், நிறுத்து! நிறுத்துடா!"

என்ஜின் இரைச்சலில் அந்தக் குரலும் எட்டாமல் தசரதன் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மிதியை அழுத்தியபடியே இருந்தான். எண்ணெய் பீச்சி அடித்துத் துலுக்கானத்தின் தாடை, சட்டை எல்லாம் வழிந்தது. அவனே மறையை இறுக்கினான். பிறகு எழுந்து வந்து, தசரதனின் முழங்காலில் கையை வைத்து அழுத்தி, மீட்டரைக் காட்டினான். முள் நட்டநடுவில் நின்றது.

தசரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. துலுக்கானத்தின் முகத்தில் வழிந்த எண்ணெய்க்குக் காரணம் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. துலுக்கானமும் சொல்லவில்லை.

அதற்குப்பின் தசரதன் ரோட்டைப் பாதியும் முள்ளைப் பாதியுமாகப் பார்த்து ஓட்டினான். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் மேலே நிற்கும். ஆவடி போய்ச் சேர்வதற்குள் சூட்டில் எண்ணெய் இளகிக் கொஞ்சம் இறங்கும். ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று. நாளெல்லாம் அவனோடு ஒழுங்காகப் பேசிய ஜீவன் அது ஒன்றுதான் என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். சாயங்காலம் வண்டியை நிறுத்தி முள் படுத்துக்கொள்ளும்போது, வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டுக்கு எல்லா வீட்டுப் பெண்களும் வந்தார்கள். சாமுண்டியும் பொரி, சுண்டல், கிண்ணம் நிறைய அரைத்த சந்தனம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். தசரதன் வாசலில் பூசணிக்காய் உடைக்கிற வேலையில் இருந்தான். உள்ளே ஸ்டீரிங், விளக்கு, கரி உருளை, துலுக்கானத்தின் ஸ்பானர் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் காலையில் வண்டியில் ஏறிய தசரதன், மீட்டரின் நடுமுகத்திலும் அப்பியிருந்த பெரிய பொட்டைப் பார்த்தான். ராத்திரி மழையில் அது இன்னும் ஈரமாகவே இருந்தது. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும். வண்டியை எடுத்தான். முள் எழுந்து நின்றது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

அன்றைக்கென்று பரந்தாமனும் ஆவடிக்குப் போகவேண்டியிருந்தது. முன்சீட்டில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி நிறைய டிப்போ ஆட்கள். பாரிவாக்கத்தில் ஆள் ஏற்றும்போது நமுத்த கரி காலை வாரியது, என்ஜின் நின்றது. தங்கவேல் விசிறியைச் சுற்றினான். திரும்ப எடுத்தார்கள். வண்டி நகர்ந்து ஏரிக்கரைக்கு வந்தது.

தசரதன் ஓரக்கண்ணால் பார்த்தான். முள் படுத்திருந்தது.

மிதித்தான். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தான். செத்தது செத்தபடி கிடந்தது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கி மூடியைத் திறந்தான். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் நிறைய இருந்தது. அப்படியென்றால் மேலே ஏறவில்லை. ஈயம் உருகப்போகிறது.

பரந்தாமன் இறங்கி வந்தார். ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன, வாய்கள் அசைந்தன. டிப்போ கேட்டை அடைத்துவிட்டால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அதைத்தான் சொல்கிறார்கள் என்று கேட்காமலே தெரிந்தது. தங்கவேல் கையை விரித்து ஏதோ சொன்னான். வண்டி நல்லாத்தானே ஓடுது என்கிறான் போலிருந்தது.

நன்றாகத்தான் ஓடியதா? இவனுக்கு எப்படித் தெரியும்? மறுபடி எடுத்து, என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கரி வண்டி எப்போதும் நடுங்கும் நடுக்கம்தான் நடுங்கியது. தட்டுகிற நடுக்கமா, சும்மா நடுக்கமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஓட்டினால் உருகும், உருகினால் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டாவிட்டால் இத்தனை பேர் வீட்டில் இன்றைக்கு உலை கொதிக்காது. ஒரு காது இருந்தால் போதும். வண்டி நிறையக் காது இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஏரியைப் பார்த்தான். தண்ணீர் மேல் தூறல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"தங்கவேலு, இங்க வா. எனுக்குக் காது கேக்காது. ஒரு வருசமா கேக்கல. நீ கிட்ட வந்து கேட்டுச் சொல்லு. உள்ள டொக்கு டொக்குனு எதுனா தட்டுதா?"

வண்டி மொத்தமும் அடங்கிப்போனது. அவனுக்கு அது எப்போதும் அடங்கித்தான் இருந்தது. ஆனாலும் வாய்கள் நின்றதைப் பார்த்தான்.

தங்கவேல் குனிந்து காதை வைத்துக் கேட்டான். நிமிர்ந்து அவன் முகத்துக்கு நேரே வந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்.

"ஒண்ணும் தட்டல அண்ணாத்தே. சுத்தமா கீது."

"அப்ப முள்ளு ஏன் படுத்துகினு கீது?"

தங்கவேல் தசரதனோடு உள்ளே ஏறி மீட்டரை உற்றுப் பார்த்தான். பிறகு நகத்தால் பொட்டின் ஓரத்தைச் சுரண்டினான். என்ஜின் நின்றபோது படுத்த முள்ளைப் பிடித்துக்கொண்டு, சூட்டில் காய்ந்து இறுகிப்போன சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. முள் துள்ளி எழுந்து நடுவில் நின்றது.

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். தசரதனும் பழக்கத்தில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ஏண்டா, போயும் போயும் இதும் மேலயா இவ்ளோ சந்தனத்த அப்புவே? கண்ணாடி இல்லன்னு தெரியாது?"

"நான் எங்க வெச்சேன்?" தங்கவேல் மறுபடி அவன் முகத்துக்கு நேரே வந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னான். "அண்ணிதான் வெச்சிது. வண்டில ஏறி வந்து, 'அவுரு எந்நேரமும் எத்தப் பாத்துகினு ஓட்டுவாரு, அத்தக் காட்டு'ன்னிச்சு. காட்னேன். மத்த எதுக்கும் வெக்கல. இதுக்கு மட்டும் வெச்சிட்டு, கைய எடுத்துக் கும்ட்டுகினு ரொம்ப நேரம் நின்னுச்சு."

தசரதன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். மீட்டர் மாட்டியதை அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

"அதுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் அண்ணாத்தே." தங்கவேல் தரையில் காலை ஓங்கி இடித்தான். இடி தசரதனின் உள்ளங்காலில் ஏறியது. "பின்ன நான் எத்துக்கு விசில வுட்டுட்டு இப்டி காலு நோவ இடிச்சிகினு கீறேன்?"

பரந்தாமன் வண்டியில் ஏறினார். சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி ஆவடி போய்ச் சேர்ந்தது, கேட் அடைக்கவில்லை.

சாயங்காலம் ஷெட்டில் பரந்தாமன் தசரதனைக் கூப்பிட்டார். வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பினார். தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளித்துவிட்டு வந்து, வெளிச்சத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"தசரதா, நீ ஓட்னா வண்டி கெடாது. எனுக்குத் தெரியும். ஆனா நாளைக்கி ஒரு கொயந்த குறுக்க ஓடியாந்து, அதும் ஆத்தா கத்துனா, அதுக்கு எந்த மீட்டரப் பாப்பே?"

தசரதன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"கரிப் பக்கம் வந்துடு. காலைல அடுப்ப நீ பாத்துக்க. வேற ஆளு ஓட்டட்டும்."

"செரிங்க மொதலாளி."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வண்டியில் ஏறி ஒருமுறை உட்கார்ந்தான். முள் படுத்திருந்தது. சுரண்டியதுபோக மிச்சமிருந்த சந்தனம் அதன் ஓரத்தில் பிறை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் இறங்கினான்.

பாரிவாக்கத்துக்கு நடந்தே போனான். பின்னாலிருந்து மாட்டு வண்டி ஓட்டி வந்த யாரோ ஒருவன், இவன் ஒதுங்காததால் சுற்றிக்கொண்டு போனான். போகும்போது திரும்பித் திட்டவில்லை. கையைத் தூக்கிக் கும்பிடு போட்டான். இவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று தசரதன் நினைத்தான். தெரியாதென்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது, ஊரார் எல்லோரும் கூடிப் பொத்திக்கொடுத்த சமாசாரம். நடுவில் தான் ஒருத்தன்தான் தனியாக நின்றிருக்கிறான்.

வீட்டில் விளக்கேற்றியிருந்தது. சாமுண்டி தட்டை வைத்தாள், வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் பார்த்துப் பலகையைப் போட்டாள். கருவாட்டுக் குழம்பு மணந்தது. தசரதன் பலகையைத் திருப்பி, அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தான்.

"இந்தாமே. வண்டிய வுட்டு எறக்கிட்டாங்க."

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"கரி வேல குடுத்துகிறாங்க. அத்த வுடு. அந்த வெளக்க எடுத்து இப்டி மூஞ்சிகிட்ட வெச்சிக்கோ. நீ இன்னா சொல்றேன்னு நான் பாக்கணும்."

சாமுண்டி விளக்கை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். எத்தனையோ மாதத்துப் பேச்சு அவளிடம் சேர்ந்திருக்கும். ஆனால் எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. தசரதன் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் எழும்பக் காத்திருக்கிறவன்போல, கண் இமைக்காமல், அவசரப்படாமல் பார்த்தான். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அந்தச் சந்தனம்... நான் வெச்சதுய்யா."

"தெரியுமே!" என்றான் தசரதன். தன் குரல் தனக்கே கேட்காதவன், பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கிற அளவுக்குக் கத்திவிட்டான். சாமுண்டி திடுக்கிட்டு, விளக்கு ஆட, அழுகையும் சிரிப்புமாக விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள்.